ஓட்டு இல்லாவிட்டாலும் நம் ஆள் உண்டு!



அண்மையில் ஒரு தோட்டப் பக்கம் போயிருந்தோம். பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்ட இடம். லயத்தில் சில குடும்பங்கள். மற்றவர்கள் பக்கத்துத் தாமானில் மலிவு வீடுகளில் இருக்கிறார்கள். லொங்காங் அடைத்து, தண்ணீர் தேங்கி, கொசு மொய்க்கிறது. டிங்கி காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

அங்கே ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, எங்க பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. முன்னே பால்மரம் வெட்டினவங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மனு எதுக்கும் அவங்கதான் முன்னால நிப்பாங்க. நகராண்மைக் கழகத்துல அவங்க உக்காரணும்னு எங்களுக்கு ஆசை. ஆனா ஓட்டே இல்லியே, எப்படிங்க ஆதரிக்கிறது?"

நல்ல கேள்வி. நம்மில் பலருக்கும் பதில் தெரியாத கேள்வி.

ஒரு காலத்தில் ஓட்டு இருந்தது. 1951-ல் ஜார்ஜ்டவுனிலும், 1952-ல் கோலாலம்பூரிலும் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. 1957-ல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் நம் டி.எஸ்.இராமநாதன். 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், மீண்டும் தேர்தல் வேண்டும் என்றே 1968-ல் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். நியமிப்பது மாநில அரசு. பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, மறுபடியும் நியமிக்கலாம். பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ தொழிலில் பேரோ உள்ளவர்களை மட்டுமல்ல, தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்களையும் நியமிக்கலாம். அப்படியானால் கோட்டும் டையும் கட்டியவர்தான் வேண்டும் என்பதில்லை. பால்வாளி தூக்கிய கையும் அந்த மேசையில் இருக்கலாம்!

சரி, எப்படி ஆதரிப்பது?

முதலில், ஒரே பெயர். நம் வியாதி நமக்குத் தெரியாதா? கோயில் கமிட்டி ஒருவரைச் சொல்லும், கட்சிக் கிளை இன்னொருவரைச் சொல்லும், இளைஞர் மன்றம் மூன்றாமவரைச் சொல்லும். "மூணு கடுதாசி போனா மூணும் குப்பைக்குத்தான்" என்று அந்தப் பெரியவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கூடிப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பெண் என்பதற்காக ஒதுக்காதீர்கள். லொங்காங் நாற்றத்தில் சமைப்பவர் அவர்தான்.

அடுத்து, கடிதம். "நல்லவர், வல்லவர்" என்று எழுதினால் போதாது. எத்தனை ஆண்டு அங்கே குடியிருக்கிறார், எந்தெந்த வேலையை முடித்துக் கொடுத்தார், இன்னும் தீராத குறைகள் எவை என்று தேதியோடு எழுதுங்கள். ஒவ்வொரு குடும்பமும் கையெழுத்துப் போடட்டும். பிற இனத்து அண்டை வீட்டாரிடமும் கேளுங்கள்; அடைத்த லொங்காங்கிற்கு இனம் ஏது? சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை மந்திரி புசார் அலுவலகத்திற்கும் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லயம் நிற்பது தோட்ட நிலத்தில். அங்கே வீடும் சுகாதாரமும் முதலாளியின் பொறுப்பு என்று 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. அந்தப் புகார் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். தாமான் சாலைக்கும் விளக்குக்கும் குப்பைக்கும்தான் நகராண்மைக் கழகம். நாம் அனுப்பும் ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே போ, அங்கே போ என்று அலையவிட்டு விடுவார்கள்.

நியமனம் கிடைத்துவிட்டால் மாலை போட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? கூடாது. நியமிக்கப்பட்டவர், தம்மை நியமித்தவரைத்தான் முதலில் பார்ப்பார். இந்த முறையின் குறையே அதுதான். ஆகவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை உங்கள் முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. நாலு பேர் போய் உட்காருங்கள். நம் ஆள் வாய் திறக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

நியமனம் கிடைக்காமலும் போகலாம். அதற்காக அந்தக் கையெழுத்துத் தாள் வீணாகாது. அடுத்த பொதுத்தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதே தாளை நீட்டி, "இதுக்கு என்ன பதில்?" என்று கேளுங்கள். ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டு வருவீர்களா என்றும் கேளுங்கள். அந்த ஓட்டு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

பெரட்டில் பேர் கூப்பிடும்வரை கை கட்டி நின்ற காலம் போதும். இனி பேரைச் சொல்லுவது நாமாக இருப்போம்!