பாறைக்குள்ளே இவ்வளவு கூத்தா? தெரியுமா?

ஓர் ஆறே தரைக்குள் காணாமல் போகும், தெரியுமா? ஜெர்மனியில் இம்மென்டிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டான்யூப் ஆறு சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுகிறது. வருஷத்தில் பல நாள் அங்கே படுகையில் வெறும் கூழாங்கல்தான்! போன தண்ணீர் எங்கே? 1877-ல் 10 கிலோ சாயத்தையும் டன் கணக்கில் உப்பையும் கொட்டிப் பார்த்தார்கள். 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி, ஆஹ் ஊற்றில் பளீரென்று பச்சைத் தண்ணீர்! அதுவும் உப்புக் கரித்தது! அந்த ஊற்றுநீர் ரைன் நதியில் கலக்கிறது. கருங்கடலுக்குப் போகவேண்டியது வடகடலுக்குப் போகிறது!

மணிக்கு 200 மீட்டர் வேகமா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் மாபெரும் ஆர்ட்டீசியன் படுகையில் நிலத்தடித் தண்ணீர் நகர்வது வருஷத்துக்கே 1 முதல் 5 மீட்டர்! டான்யூப் ஒரு மணி நேரத்தில் போன தூரத்துக்கு இங்கே குறைந்தது 40 வருஷம்!

களிமண்ணில் பாதிக்குப் பாதி காலி இடம், தெரியுமா? மணலைவிட அதிகம்! ஆனாலும் தண்ணீரை விடாது. துளைகள் அவ்வளவு பொடி!

எண்ணெய்க் கிணற்றுக்கு அடியில் எண்ணெய் ஏரியா இருக்கிறது? கிடையாது! பாறையின் நுண்துளைகளில்தான் இருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் வெளியே வரவே வராது!

கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில், சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில், 200 கோடி வருஷத்துத் தண்ணீர்! டைனோசர்கள் வந்ததே நேற்று மாதிரிதான்! ஆய்வாளர் பார்பரா ஷெர்வுட் லாலர் அந்த மாதிரித் தண்ணீரை நாக்கில் வைத்தே பார்த்திருக்கிறார். துணிச்சல்தான்! கடல்நீரைவிட உப்பாம், கசப்பு வேறு!

நம் நெய்வேலியில்? பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே முட்டுகிறது. கணக்குப் போடுங்கள்: சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன்! விட்டால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது!

கழிவுநீரை ஊற்றினால் பூமி அதிருமா? அதிர்ந்ததே! அமெரிக்காவின் டென்வர் அருகே 3,671 மீட்டர் ஆழக் கிணறு. அதில் 1962 மார்ச்சில் ராணுவம் ரசாயனக் கழிவைச் செலுத்தத் தொடங்கியது. அடுத்த மாதமே நிலநடுக்கம்! பாறைப் பிளவுக்குள் அழுத்தம் ஏற, பிடிப்பு தளர்ந்து பாறை வழுக்குகிறது. 1,500-க்கும் மேற்பட்ட அதிர்வுகள்! பயந்துபோய் 1966-ல் நிறுத்தினார்கள். ஆனால் உள்ளே ஏறிய அழுத்தம் பரவிக்கொண்டே இருந்தது. பெரிய நிலநடுக்கங்கள் வந்ததோ 1967-ல்!