பிளாஸ்திரி ஒட்டினால் சிகரெட் மறக்குமா?

உங்கள் வீட்டில் அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோ புகைபிடிப்பவராக இருக்கலாம். "நாளை முதல் நிறுத்திவிடுகிறேன்" என்று அவர் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? இரண்டு நாள் நிறுத்துவார். மூன்றாம் நாள் காரணமில்லாமல் எரிந்து விழுவார். நான்காம் நாள் தெருமுனைப் பெட்டிக்கடையில் நிற்பார். அவருக்கு மன உறுதி போதாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் மூளைக்குள் நடப்பது என்ன என்று பார்த்தால், அப்படிச் சொல்லத் தயங்குவோம்.

புகையிலைச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் நஞ்சுதான் நிகோடின். புகையிலைக் கஷாயம் தெளித்தால் அசுவினிப் பூச்சிகள் சாவதை நம் உழவர்கள் அறிவார்கள். 1560-இல் பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த தூதர் ழான் நிக்கோவின் பெயரே இதற்கு வந்தது. ஒருவர் சிகரெட்டை ஓர் இழுப்பு இழுத்ததும் நிகோடின் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே நரம்பணுக்களில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளுக்காக அமைந்த ஏற்பிகள் உள்ளன. நிகோடின் அவற்றில் கள்ளச்சாவியைப் போல நுழைந்து திறக்கிறது. உடனே டோபமைன் சுரக்கிறது. மனத்திற்கு இதமாக இருக்கிறது.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. உடலில் உள்ள நிகோடினோ சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பெருகிய ஏற்பிகள் எல்லாம் காலியாகிக் காத்துக் கிடக்கும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் செல்லாமை ஆகியவை அப்போது எழுகின்றன. நம் அப்பா எரிந்து விழுவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல!

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதரைப் பழக்கத்தில் கட்டிப்போடுவது நிகோடின். புற்றுநோயைத் தருவதோ முக்கியமாகப் புகை. அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படியானால் புகையே இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு முதல் விடை சுவீடனில் கிடைத்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை மென்று சமாளித்ததைப் பற்றி 1967-இல் கிளாஸ் லுண்ட்கிரென் என்பவர் தம் நண்பர் ஊவெ ஃபெர்னோவுக்கு எழுதினார். அதிலிருந்து பிறந்தது நிகோடின் சூயிங்கம். 1978-இல் சுவிட்சர்லாந்து அதற்கு அனுமதி தந்தது.

பிளாஸ்திரியின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கப் புகையிலைத் தோட்டங்களில் பனியில் நனைந்த இலைகளைப் பறிக்கும் கூலியாட்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவதுண்டு. அவர்கள் புகைப்பதில்லை, மெல்லுவதுமில்லை. ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியே உடலுக்குள் போய்விடுகிறது! இதை அறிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் சோதனையில் இறங்கினர். ஆட்களை வைத்துச் சோதிக்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே தங்கள் தோலிலேயே புகையிலையை வைத்துக் காத்திருந்தனர். இதயத் துடிப்பு வேகமெடுத்தது. (நீங்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது, நஞ்சு நஞ்சுதான்.)

தோல் எல்லாவற்றையும் உள்ளே விடாதே, நிகோடினை மட்டும் எப்படி விடுகிறது? அதன் வாய்பாடு C₁₀H₁₄N₂. மூலக்கூறு எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 162. மிகச் சிறிய மூலக்கூறு. அது நீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். ஆகவே தோலின் கொழுப்பு அடுக்கு அதைத் தடுப்பதில்லை. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். தோல் வழியே போனால் அந்தத் தொல்லை இல்லை.

1991-இல் அமெரிக்காவில் இந்தப் பிளாஸ்திரி மருந்தாக வந்தது. மருத்துவர் சொல்லும் அளவில், வழக்கமாக நாளொன்றுக்கு 21 மில்லிகிராம் தருவதில் தொடங்கி, சில வாரங்களில் 14, பிறகு 7 எனக் குறைப்பார்கள். காலையில் ஒன்றை மேற்கையிலோ மார்பிலோ ஒட்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் வேறு இடத்தில். சிலருக்கு இரவில் விசித்திரக் கனவுகள் வரும். அவர்கள் படுக்கும்முன் உரித்துவிடலாம். நிகோடின் மெல்ல மெல்லக் கசிவதால் ஏற்பிகள் ஓரளவு அடங்கியிருக்கும். சிகரெட் தரும் அந்த 'சுருக்' இன்பம் மட்டும் வராது.

இது மந்திரம் அல்ல. இத்தகைய மருந்துகள் வெற்றி வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன, அவ்வளவே. மீதி வேலையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர இதய ஆய்வில் சேர்ந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இருவர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். கணவன் மனைவியரில் ஒருவர் நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 சதவீதம். உடன்பிறந்தவர் நிறுத்தினால் 25 சதவீதம். மனிதர்கள் தனித்தனியாக அல்ல, கூட்டங்கூட்டமாகவே புகையை விட்டிருக்கிறார்கள்!

என் சித்தப்பா நான்காம் முயற்சியில்தான் வென்றார். அவர் மகள் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டு வந்தாள். இருபத்து மூன்றாம் நாள் அவர் ஒரு திருமண வீட்டில் வழுக்கிவிட்டார். அவள் எதையும் அழிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் இருபத்து நான்காம் கோட்டைப் போட்டாள். "அந்தக் கோட்டுக்குப் பயந்துதான்" என்று இன்றும் சொல்வார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் முயன்றால், முதல் வாரம்தான் மிகக் கடினம் என்பதை நினைவில் வையுங்கள். ஆசை எழும்போது அது சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்திற்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், கடைத்தெரு வரை கூட நடந்து போய் வாருங்கள் (பெட்டிக்கடை இல்லாத தெருவாகப் பார்த்து!). ஆலோசனைக்கு 1800-112-356 என்ற இலவசத் தேசியத் தொலைபேசி எண் உண்டு. உரித்த பிளாஸ்திரியை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, தம்பி தங்கைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். அதில் இன்னும் நிகோடின் மிச்சமிருக்கும்.