பல் பிடுங்கும் முன் போடும் ஊசி: டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்



புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் நம் குழு அக்கா ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனார். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். "சொன்னா இன்னொரு நாள் வான்னு அனுப்பிடுவாங்க, யாவாரம் கெட்டுடும்" என்று மறைத்துவிட்டார். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. பயந்துபோய் அப்போதுதான் சொன்னார். டாக்டர் வேலையை நிறுத்தி, படபடப்பு அடங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார். பல்லும் எடுக்கவில்லை, அன்றைய யாவாரமும் போச்சு.

ஏன் இப்படி? மரத்துப்போகப் போடும் மருந்து லிக்னோகெய்ன். அதைத் தனியாகப் போட்டால் ரத்தம் சீக்கிரமே அடித்துக்கொண்டு போய்விடும். உரம் போட்ட வயலில் மடையை அடைக்காவிட்டால் உரம் தண்ணீரோடு போய்விடும் அல்லவா, அதுபோலத்தான். மடையை அடைக்கிற வேலையைச் செய்வது அட்ரினலின். அது அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் மரப்பு நெடுநேரம் நிற்கும், ரத்தக் கசிவு குறையும், மருந்து உடம்பெல்லாம் வேகமாகப் பரவாது.

சேர்ப்பது மிகக் கொஞ்சம். பெரும்பாலும் 80 மில்லி மருந்துக்கு 1 மில்லிகிராம்தான். நாம் பயப்படும்போது நம் உடம்பே சுரப்பதும் இதே அட்ரினலின்தான். ஊசிக்குப் பின் வரும் படபடப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பிரஷர் உள்ளவர்களுக்கும் அளவு பார்த்து, மெதுவாகப் போடலாம். தேவைப்பட்டால் அட்ரினலின் இல்லாத மருந்தும் உண்டு. ஆனால் நாம் சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்?

ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை:

* பிரஷர், நெஞ்சுவலி, இதய நோய்
* தைராய்டு, சர்க்கரை, வீசிங்
* மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை
* கர்ப்பம்
* முன்பு ஊசியால் வந்த தொந்தரவு

மாத்திரை பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். பல் பிடுங்கும் நாள் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட பிறகு உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடான டீ வேண்டாம், நாக்கு வெந்தாலும் தெரியாது. வெற்றிலை பாக்கும் வேண்டாம்.

கோரிமேட்டில் புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல்வலியைப் பொறுத்துக்கொண்டே கூடை தூக்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் யாவாரம் போனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நம் உயிர்தான் நம் குடும்பத்துக்கு முதல்.