மாணிக்கத்திற் பிறந்த ஒளியும் முகத்துக் கரும்புள்ளியும்

இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கல் நினைவுக்கு வருவது இயல்பு. அந்நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் தாய்மாரின் முகத்திலே நடுவயதில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மாணிக்கத்துக்கும் தொடர்புண்டு என்றால் வாசகர்கள் வியப்புறலாம்.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, அமெரிக்காவிலே தியோடர் மைமன் என்னும் விஞ்ஞானி உலகின் முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அதற்கு அவர் உபயோகித்தது, செயற்கையாக ஆக்கப்பட்ட சிவப்பு மாணிக்கத் துண்டொன்றாகும். (பெல்மதுளைக் குழியில் அகழ்ந்த கல்லாயிருந்தால் நாம் இன்னும் பெருமைப்பட்டிருப்போம்!) சில ஆண்டுகளுள், லியோன் கோல்ட்மன் என்னும் சரும வைத்தியர் அவ்வொளியை மனிதத் தோலிற் பரீட்சித்தார்.

தோலுக்கு நிறமூட்டும் பொருள் மெலனின். ஆண்டுக்கணக்காக வெயில் படுமிடத்தில் அது திரண்டு புள்ளியாகின்றது. லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சிச் சூடேறிச் சிதறுகின்றது. அந்த வெப்பம் அயலிலுள்ள தோலைச் சுடாதிருக்க, ஒளி சில நனோசெக்கன்களே பாய வேண்டும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே ஒரு நனோசெக்கன். இந்தத் தத்துவத்தை அண்டர்சன், பரிஷ் என்னும் இருவர் 1983இல் விளக்கினர். சிகிச்சையின் பின் புள்ளி கறுத்து, பொருக்காகி, சில நாட்களில் உதிரும்.

இத்தனையும் கேட்ட மகள், கொழும்பிலே உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு தாயை அழகுநிலையத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணுவாள். அங்கேதான் நாம் சற்று நிறுத்த விரும்புகிறோம். வெள்ளைத் தோலிலே புள்ளி கறுப்பு, சுற்றுப்புறம் வெளுப்பு. ஒளிக்கு இலக்கு தெளிவு. நமது மாநிறத் தோலிலோ எங்கும் மெலனின் உண்டு. கருவி தவறினால், புள்ளி இருந்த இடத்தில் அதனினும் பெரிய கருமை படரும்; சில வேளை வெண்தழும்பும் எஞ்சும்.

மேலும், கன்னங்களிரண்டிலும் நெற்றியிலும் படரும் மங்கு வேறு. முதுமைப் புள்ளி வேறு. மங்கு கர்ப்ப காலத்தில், அல்லது கருத்தடை மாத்திரையால் தோன்றலாம், வெயிலால் வளரும். லேசரின் சூடு அதனை அதிகரிக்கச் செய்வதுமுண்டு. ஓரம் ஒழுங்கற்று, நிறம் மாறி, வளர்ந்துவரும் புள்ளியோ புற்றுநோயாக இருக்கலாம். சோதியாது அதனை லேசரால் அழித்தால் நோய் மறைந்து வளரும்.

ஆகவே முதலிற் செல்ல வேண்டிய இடம் அரசாங்க வைத்தியசாலையின் சருமநோய்ப் பிரிவு. அங்கே பணம் கேட்பதில்லை. ஒருநாட் சம்பளம் போகுமே என்பதுதான் தோட்டத்துத் தாயின் கவலை. அக்கவலையே அவளைக் கடையில் விற்கும் வெளுப்புக் களிம்பை நாடச் செய்கின்றது. அத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கக் கண்டுள்ளனர். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைத்தியர் சொல்லாது பூசும் ஸ்டெரொயிட் களிம்பு தோலை மெலியச் செய்யும்.

நிபுணர் லேசரே தக்கது என்றால், முதலில் ஒரு சிறிய இடத்திற் செய்து பார்க்கும்படி கேட்கலாம். பின்னர் பல வாரங்கள் வெயில் படலாகாது. காலையிலே பிரட்டுக்குப் பெயர் கொடுத்து, மாலைவரை மலையிற் கொழுந்தெடுப்பவளுக்கு அது எவ்வாறு இயலும்? மகள் சேர்த்த பணத்தில் முதற்பங்கு, அகன்ற விளிம்புத் தொப்பிக்கும் வெயில் தடுக்கும் களிம்புக்கும் போகட்டும். வேலையை விட்டு ஓய்ந்த பின்னும் அப்புள்ளி உறுத்துமாயின், லேசரைப் பற்றி அப்போது வைத்தியரிடம் பேசலாம்.