உரக்கடை வரிசையும் பதுக்கலும்: மார்க்கம் சொல்லும் அளவு

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் உரக்கடைகளின் முன் வரிசை தொடங்கிவிடும். கரிசல் மண்ணில் மானாவாரி விவசாயத்திற்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே போகம்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என்று விதைக்கிறார்கள். அடியுரமாக அதிகம் கேட்கப்படுவது டிஏபி. விதைப்பு நேரத்தில் அது கையில் இல்லாவிட்டால் அந்த ஆண்டே போய்விடுமோ என்ற பயம் விவசாயிக்கு வருவது இயல்பு.

அந்தப் பயம் நம் குடும்பங்களையும் தொடுகிறது. நம்மில் நிலம் வைத்திருப்போர் உண்டு, குத்தகைக்கு உழுவோர் உண்டு, கடை வைத்திருப்போரும் உண்டு. தட்டுப்பாட்டு நேரத்தில் இவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மார்க்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?

இந்தியா தனக்குத் தேவையான டிஏபியில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. தூத்துக்குடியிலேயே டிஏபி தயாரிக்கும் ஆலை இருந்தாலும், அதற்கான மூலப்பொருளும் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். 2021-ல் உலகச் சந்தையில் விலை ஏறியது. அந்த ஆண்டு மே மாதம் மத்திய அரசு மூடைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அக்டோபரில் சீனா உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அந்தப் பருவத்தில் நாடெங்கும் விவசாயிகள் டிஏபிக்கு அலைந்தார்கள். கரிசல் சீமையும் அதற்கு விலக்கல்ல.

இது உண்மையான குறைவு. ஆனால் உண்மையான குறைவின் மேல் பயம் ஏறும்போது அது இரட்டிப்பாகிறது. இரண்டு மூடை தேவைப்படுபவர், "நாளைக்கு இருக்காது" என்ற பேச்சைக் கேட்டு ஐந்து மூடை எடுக்கிறார். அவருக்குப் பின்னால் நின்றவர் வெறுங்கையோடு திரும்புகிறார். அவர் திரும்புவதைப் பார்த்து ஊரே கடைக்கு ஓடுகிறது.

உரத்தில் மட்டும் இப்படி நடப்பதில்லை. 2013-ல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்ற பேச்சு கிளம்பியதும் மக்கள் தோட்டாக்களை வாங்கிக் குவித்தார்கள். ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தும் கடைகளில் சரக்கு தங்கவில்லை. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் அளவு வைக்க வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில் வட மாநிலங்களில் உப்பு கிடைக்காது என்று வதந்தி பரவியது. நாட்டில் உப்புக்குக் குறைவே இல்லாதபோதும் மக்கள் கடைகளில் முண்டியடித்தார்கள்.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

தேவைக்குச் சேமிப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்க வழி சொன்னார்கள். அந்தச் சேமிப்பு நடந்தது விளைச்சல் மிகுந்த காலத்தில். பஞ்சம் வந்தபோது அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பதுக்கல் (இஹ்திகார்) இதற்கு நேர் எதிரானது. மக்கள் தவிக்கும் நேரத்தில் பொருளை வாங்கி, விலை ஏறட்டும் என்று அடைத்து வைப்பது அது. அப்படிச் செய்பவர் பாவி என்ற கருத்தில் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எந்தெந்தப் பொருளுக்கு இச்சட்டம் பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹப் இதை உணவுப் பொருளோடு நிறுத்துகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மனிதரின் உணவையும் கால்நடைத் தீவனத்தையும் சொல்கிறார்கள். அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதை அடைத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அது அனைத்தும் பதுக்கலே என்கிறார்கள். விதைப்பு நேரத்து உரம் இந்த விளக்கத்திற்குள் வந்துவிடும். உரத்தை அடைப்பது நாளைய உணவை அடைப்பதுதானே?

விற்கும் எண்ணமில்லாமல், பயத்தால் கூடுதலாக வாங்கியவரை சட்டப்படி பதுக்கல்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் தனக்கு உதவாத மூடை வீட்டு மூலையில் கட்டிதட்டிக் கிடக்க, பக்கத்துப் புஞ்சை உரமில்லாமல் நிற்கும்போது, அண்டை வீட்டார் உரிமை பற்றி அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் நிலத்திற்கு எவ்வளவு வேண்டும்?

பயத்தைப் போக்கும் முதல் மருந்து கணக்கு. மானாவாரி உளுந்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 12.5 கிலோ, மணிச்சத்து 25 கிலோ. ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 5 கிலோவும் 10 கிலோவும். ஒரு மூடை (50 கிலோ) டிஏபியில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ இருக்கிறது. அப்படியானால் ஏக்கருக்கு 22 கிலோ, அதாவது அரை மூடைக்கும் குறைவாகவே போதும். முழு மூடை போடுபவர் இரண்டு ஏக்கருக்கான உரத்தை ஒரே ஏக்கரில் கொட்டுகிறார்.

டிஏபி கிடைக்கவே இல்லையென்றாலும் வழி உண்டு. ஒன்றேகால் மூடை சூப்பர் பாஸ்பேட்டும் 11 கிலோ யூரியாவும் சேர்த்தால் ஓர் ஏக்கர் மானாவாரி உளுந்துக்கு அதே அளவு சத்து வந்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டில் பயறு வகைகளுக்கு நல்லதான கந்தகமும் இருக்கிறது. மற்றப் பயிர்களுக்கு அளவு மாறும். வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ மண் பரிசோதனை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவோருக்கும் விற்போருக்கும்

* டிஏபி மூடையின் அதிகபட்ச விலை 1,350 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். கைரேகை வைத்து வாங்கியதும் ரசீதைக் கேட்டுப் பெறுங்கள்.
* உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன்படி இருப்பையும் விலையையும் கடையில் எழுதி வைக்க வேண்டும். "இதையும் வாங்கினால்தான் டிஏபி" என்று வேறு சரக்கைத் தலையில் கட்டினால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலோ மனு கொடுங்கள்.
* கடை வைத்திருக்கும் சகோதரர்களே, இருப்பை மறைத்து "ஸ்டாக் இல்லை" என்று சொல்வது பொய்யும் பதுக்கலும் சேர்ந்த பாவம். தெரிந்தவருக்குப் பின்வாசலில் பத்து மூடை, தெரியாதவருக்கு இல்லை என்பது வியாபார நேர்மை ஆகாது.
* வாட்ஸ்அப்பில் வரும் "நாளை முதல் உரம் இல்லை" என்ற செய்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்துபோன நேரங்களில், ஒவ்வொருவரிடமும் இருந்ததை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பகிர்ந்துகொள்வார்கள். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். ஒரு தெருவில் நான்கு விவசாயிகள் சேர்ந்து, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கிட்டு, இருக்கும் மூடைகளைப் பிரித்துக்கொண்டால் நால்வரும் ஒரே மழையில் விதைக்கலாம். பக்கத்துப் புஞ்சைக்காரர் எந்த மதத்தவரானாலும் இந்தக் கணக்கில் அவரும் சேர வேண்டும். மேகம் அவருக்கும் நமக்கும் சேர்த்துத்தான் பொழிகிறது.

நம் தேவையை அளவோடு எடுத்து, அடுத்தவர் பங்கை விட்டுவைக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!