தலைக்கு மேல் வேலை!

தை பிறக்கப் போகிறதென்றால் நம் வீடுகளில் சுண்ணாம்பு வாடை வீசத் தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பது பெரும்பாலோர்க்குக் கைவந்த வேலை. கொத்தனார்கள் 'சீலிங்' என்று சொல்லும் உட்கூரைதான் சோதனை. விலையுயர்ந்த பெயிண்ட்டைப் பூசினாலும் சில வீடுகளில் அது மேடும் பள்ளமுமாய், திட்டுத் திட்டாய்த் தெரிவது ஏன்?

காரணம் வெளிச்சம். சன்னல் வழியே வரும் ஒளி உட்கூரையைத் தடவிக்கொண்டே சாய்வாகச் செல்கிறது. மாலை வெயிலில் நம் நிழல் நீளுவதுபோல், ஒரு மில்லிமீட்டர் மேட்டுக்கும் அங்கே நீண்ட நிழல் விழுகிறது. பெயிண்ட்டின் கனமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. அது பள்ளத்தை நிரப்பும் என எதிர்பார்ப்பது வீண். ஆகவே வழவழப்பு என்பது பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற சங்கதி.

முதலில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழியில் தளம் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் பொங்கல் போனாலும் போகட்டும், வேலையைத் தள்ளிப்போடுவதே நலம். பழுப்பு வளையம் தெரிந்தால் பழுது பெரும்பாலும் மொட்டைமாடியில் இருக்கும். அதை அடைக்காமல் அடியில் பூசுவது ஓட்டைப் பானைக்குக் கோலம் எழுதுவது போன்றதே.

அடுத்தது பழைய சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. மெல்லிய பூச்சானால் நன்கு இறுகும். ஆண்டுதோறும் கனமாக அப்பிய பூச்சு அப்படிப் பிடிப்பதில்லை. உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக ஒட்டும். அந்த மாவின் மேல் எதைப் பூசினாலும் பெயர்ந்து விழும். நீர் தெளித்து ஊறவைத்து, தகட்டால் முழுவதும் சுரண்டியே தீரவேண்டும். அலுப்பான வேலைதான். கூலிக்கு ஆள் வைத்தாலும் இந்த இடத்தில்தான் அவசரம் காட்டுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

சுரண்டும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். அண்ணாந்து செய்யும் வேலையாதலால் உதிர்வதெல்லாம் கண்ணை நோக்கியே வரும். சுண்ணாம்பு காரம், விழியை அரித்துப் பார்வையையே பறிக்க வல்லது. விழுந்துவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் இருபது நிமிடம் விடாது கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்கலாகாது. அதில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி பட்டி. வெள்ளைச் சிமெண்ட் பட்டியானால் தளத்தை இலேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். முன்னே சொன்ன உள்ளீரம் வேறு, இது வேறு. நனைக்காவிட்டால் காய்ந்த தளம் பட்டியின் நீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகாமல் பொடியும். ஒரேயடியாக அப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சுகளாக, முதலாவதை நெடுக்கிலும் இரண்டாவதைக் குறுக்கிலும் இழுக்க வேண்டும். காய்ந்த பின் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உட்கூரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வழவழப்பாகத் தோன்றியதெல்லாம் சந்திரனின் தரைபோல் குண்டும் குழியுமாய்த் தெரியும்! மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அங்கெல்லாம் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியதுதான்.

பிறகு பிரைமர் ஒரு கை. அது இல்லையேல் ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் உறிஞ்சி, மேகம் படர்ந்ததுபோல் ஆகிவிடும். பெயிண்ட்டில் பளபளப்பில்லாததையே வாங்குங்கள். பளபளப்பு ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். மின்சாரத்தை நிறுத்தி விசிறியைக் கழற்றிவிட்டு, மேசை மேல் முக்காலி வைத்து ஏறாமல் உறுதியான சாரத்தில் நின்று, ரோலரால் பூச வேண்டும். கடைசிப் பூச்சை ஒளி செல்லும் திசையிலேயே, சன்னலை நோக்கி இழுத்தால் கோடு தெரியாது. ஒரு பட்டையின் ஓரம் காயுமுன் அடுத்த பட்டை அதன் மேல் ஏறிவிட வேண்டும். காற்று வீசினால் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடுமாதலால், மேசை விசிறியையும் அந்த ஒரு மணி நேரம் போடாதிருத்தல் நலம். வியர்த்தால் துண்டு இருக்கிறது.