பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருத்தமான டயர்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு கொள்முதல் செய்யும் வணிகர் நிறத்தை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. ஒரு லிட்டர் அளவில் மிளகை நிரப்பி எடை போட்டுப் பார்ப்பார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் முற்றிய மணி கனக்கும், பொக்கு மணி நீரில் மிதக்கும். கண்ணை நம்பி வாங்கினால் காசு போகும். மோட்டார் வண்டியின் டயரும் அத்தகைய பொருள்தான். ஆனால் அங்கே கண்ணை நம்பினால் போவது காசு மட்டுமன்று; உயிரும் போகலாம்.

நாம் படிக்க வந்திருக்கும் இந்நாடு ரப்பர் விளையும் நாடு. பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902-ஆம் ஆண்டு ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. இன்று இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தினுடையது. களமசேரியிலும், சாலக்குடிக்கு அருகே பேராம்பிராவிலும் டயர்த் தொழிற்சாலைகள் எழுந்தன. இருந்தும் இங்கே ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தால், அதற்கு டயர் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ரப்பருக்குப் பஞ்சமில்லை, அளவுக்குத்தான் பஞ்சம். எப்படித் தேடுவது, எப்படி மாட்டுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரில் உருவானது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. தொடக்க கால வண்டிகளுக்கு 5.60-14 என்னும் குறுக்கிழை டயர். பிற்காலத்தவற்றுக்கு 165-14 ரேடியல். குறுக்கிழை டயரில் நூல் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். பட்டனுக்கு அடியில் தனியே ஒரு கச்சை சுற்றியிருக்கும். மிஷெலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச் சுவரின் உயரம் எங்கே? அந்நாளில் அதைத் தனியாக எழுதுவதில்லை. அகலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே 165-14 என்பதை இன்றைய எழுத்தில் 165/80 R14 என்று எழுதலாம். மாருதி டிசையரின் சில வகைகளுக்குரிய அளவும் இதுவே! கடல் கடந்து தேட நினைத்த பொருள் எதிர்த்த கடையிலேயே இருக்கலாம். இந்தப் பழைய கணக்குத் தெரியாதவர்க்கு அது கண்ணில் படாது.

இனி ஓர் எச்சரிக்கை. "பதினாலு அங்குலம் எதுவானாலும் ஏறும்" என்று சிலர் 165/65 R14 டயரை எடுத்துக் கொடுப்பார்கள். ஏறத்தான் செய்யும். கணக்கிட்டுப் பாருங்கள். 165/80 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 165/65 டயருக்கு 570. வித்தியாசம் நூற்றுக்கு எட்டு. வண்டி தரையிலிருந்து 25 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 74 அளவில்தான் ஓடும். முன்பே தாழ்வான வண்டி, நம் தெருக்களின் வேகத்தடைகளில் வயிறு உரசும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. எம்.ஜி.பி.க்கு முந்திய எம்.ஜி. டி.சி. வண்டிக்கு 4.50-19 அளவு டயர். பத்தொன்பது அங்குல டயர் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டே என்று ஒருவருக்குத் தோன்றலாம். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. அதற்கேற்ப அதன் டயர் உருண்டையாக இருக்கிறது. கார் சாய்வதில்லை, வளைவில் வண்டியின் கனமெல்லாம் டயரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க மோட்டார் சைக்கிள் டயர் செய்யப்படவில்லை. ரிம்மில் நுழைவது வேறு. வண்டிக்குப் பொருந்துவது வேறு. இத்தகைய அரிய அளவுகளை இன்றும் வார்த்து விற்கும் நிறுவனங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. இறக்குமதி விதிகளையும் சுங்க வரியையும் விசாரித்த பின்பு அங்கிருந்து வரவழைப்பதே வழி.

இரண்டு புது ரேடியல்களை மட்டும் வாங்கி முன்சக்கரங்களில் மாட்டி, பின்னால் பழைய குறுக்கிழை டயர்களையே விட்டுவைப்பதும் கூடாது. முன்பக்கம் தரையைப் பற்றிக்கொள்ளும். பின்பக்கம் முதலில் வழுக்கும். மழை நாளில் வண்டியின் வால் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருப்பதே நலம்.

அளவும் வகையும் சரி என்றால் போதுமா? வயதைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் கொட்டகையில் நிற்பது. பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரியும். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. ஓடும் டயர் நெளியும்போது கலவையிலுள்ள மெழுகு மேலே வந்து காப்பளிக்கும். நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் இல்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிடச் சொல்கிறார்கள் டயர் செய்வோரே. பொக்கு மிளகை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

அடுத்தது மாட்டும் முறை. பல எம்.ஜி.பி. வண்டிகளுக்குக் கம்பிச் சக்கரம். ஒரு சக்கரத்துக்கு அறுபது கம்பிகள். கம்பிகள் நுழையும் துளைகள் வழியே காற்றுக் கசியும். ஆதலால் டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் வேண்டும். கடற்காற்றில் துருவேறிய கம்பிகளை முதலில் சோதிக்க வேண்டும். கம்பி முனைகள் டியூபைக் குத்தாதபடி ரிம்மைச் சுற்றி நாடா ஒட்ட வேண்டும். டயரின் உட்புறத்தில் ஒட்டியுள்ள காகிதச் சீட்டுகளை உரித்துவிட வேண்டும். அவை உராய்ந்தே டியூபைத் தின்றுவிடும். டால்க் பவுடர் தூவி டியூபை வைத்து, காற்றடித்து, முழுதும் இறக்கி, மறுபடி அடித்தால் மடிப்புகள் நீங்கும்.

காற்றின் அளவையும் கவனியுங்கள். கடையில் பழக்கத்தின்படி முப்பத்திரண்டு பவுண்டு அடித்துவிடுவார்கள். எம்.ஜி.பி.யின் கையேடு ரேடியலுக்குக் கூறுவது முன்னால் 21, பின்னால் 24. இலேசான வண்டிக்குக் காற்று மிகுந்தால் துள்ளும். பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேயும். கையேட்டிலிருந்து தொடங்கி, தேய்மானத்தைப் பார்த்துச் சிறிது கூட்டலாம்.

கடைசியாக, சக்கரத்தை இறுக்கும் நடு நட்டு. வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையில் அடித்தால் அது கழலும். எதிர்த்திசையில் அடித்தால் இறுகும். இடப்பக்க மரை வேறு, வலப்பக்க மரை வேறு. இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் ஓடும்போதே சக்கரம் கழன்று போகலாம். மாட்டிய பின் சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

நண்பர்களே, நம்மில் ஸ்போர்ட்ஸ் கார் உடையவர் எத்தனை பேர்? அனேகமாக ஒருவரும் இல்லை! ஆனால் இரவல் மோட்டார் சைக்கிளோ, வாடகைக் காரோ, சுற்றுலாப் பேருந்தோ நாம் ஏறாத மாதமில்லை. எவ்வளவு பெரிய எஞ்சினானாலும், வண்டி தரையைத் தொடுவது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அடுத்த முறை ஏறுமுன் குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள். அரை நிமிட வேலைதான்.